மாதச் சந்தா கேட்கும் கார்: எதற்குக் கட்டலாம், எதற்குக் கட்டக்கூடாது

அத்தியாயம் 7

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் மீண்டும் திறந்தது. இந்த ஐந்து வருட இடைவெளியில் யப்பான் காரும் சீனக் காரும் ஒரு விடயத்தில் நன்றாக மாறிவிட்டன. இப்போது வருபவற்றில் பலவற்றுக்குள் தொழிற்சாலையிலேயே சிம் ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. அந்த சிம்மை நம்பி ஓடும் வசதிகள் முதலில் சில காலம் இலவசம், பிறகு காசு. பழைய அக்வாவையும் வெகன்ஆரையும் ஓட்டிப் பழகியவர் மட்டக்களப்பில் புதுக் கார் பார்க்கப் போனால், திரையைத் தொட்டுக் காட்டி, "இதில எல்லா வசதியும் இருக்கு" என்பார்கள். எந்த வசதி, எவ்வளவு காலத்துக்கு, யாருக்குக் காசு என்று கேட்டு எடுப்பது உங்கள் வேலை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பாவனைக்குக் கார் வைத்திருப்பவருக்கு, வெளிநாட்டு நிறுவனத்துக்கு மாதாமாதம் கட்டும் சந்தா வாவிக்கரையில் பெரும்பாலும் வீண் செலவு. ஹயர் ஓடும் வானுக்கும், சாரதி வைத்து ஓட்டும் வாகனத்துக்கும் உள்ளூர் ட்ராக்கர் சந்தா ஒன்று கட்டலாம். அதையும் எப்படிக் கட்டுவது, எப்படிப் பூட்டுவது என்பதைக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

எதற்காகக் காசு கேட்கிறார்கள்?

சந்தா இரண்டு வகை. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் வகை, காருக்குள் ஏற்கனவே இருக்கும் பொருளைப் பூட்டி வைத்துவிட்டு, திறந்துவிடக் காசு கேட்பது. 2022 யூலையில் பிஎம்டபிள்யூ தென் கொரியாவில் ஆசனச் சூடாக்கிக்கு மாதம் 18 டொலர் அளவில் விலை போட்டது. சூடாக்கும் கம்பி ஆசனத்துக்குள் இருக்கிறது, காரை வாங்கியவர்தான் அதையும் சுமந்து ஓடுகிறார், ஆனால் காசு கட்டினால்தான் சூடாகும். உலகம் முழுக்க எதிர்ப்பு எழுந்து, 2023இல் நிறுவனம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. மெர்சிடிஸ், அமெரிக்காவில் தன் மின்சாரக் கார்கள் இன்னும் வேகமாகப் பாய்வதற்கு வருடம் 1,200 டொலர் கேட்டது. வொக்ஸ்வேகன், 2025இல் பிரித்தானியாவில் ஐடி.3 காரின் முழு வலுவைத் திறக்க மாதம் 16.50 பவுண் கேட்டது.

இரண்டாம் வகை, தொடர்ந்து செலவு பிடிக்கும் சேவை: சிம் டேட்டா, வரைபடப் புதுப்பிப்பு, கைத்தொலைபேசியில் காரின் இடத்தைப் பார்ப்பது, விபத்தென்றால் ஆள் பேசும் அவசர அழைப்பு. இதற்கு மாதக் காசு கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தச் சேவை உங்கள் ஊரில் கிடைக்க வேண்டும் அல்லவா?

முதல் வகைக்கு ஒருபோதும் கட்டாதீர்கள். பாசிக்குடாவில் சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்கு ஆசனச் சூடாக்கி எதற்கு என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கிய பிறகு அதற்கு வாடகையும் கட்டுவது சரியில்லை என்பதே என் காரணம். வாங்குபவர்கள் உறுதியாக நின்றால் நிறுவனங்கள் பின்வாங்கும். பிஎம்டபிள்யூ பின்வாங்கியது.

வாங்க முன், சேலில் செய்ய வேண்டியவை

முற்பணம் கொடுக்க முன் இந்த ஒழுங்கில் பாருங்கள்.

1. கார் எந்தச் சந்தைக்குச் செய்யப்பட்டது என்று கேளுங்கள். யப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த காரென்றால், டொயோட்டாவின் டி-கனெக்ட் போன்ற சேவைகள் யப்பானுக்குள் மட்டுமே வேலை செய்யும். உள்ளே இருக்கும் சிம் அந்த நாட்டு வலையமைப்புக்கு உரியது. இங்கே எவ்வளவு காசு கட்டினாலும் அது உயிர் பெறாது.

2. முன் கண்ணாடிக்கு மேலே, விளக்குகளுக்குப் பக்கத்தில் சின்ன மூடிக்குள் எஸ்ஓஎஸ் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். யப்பான் காரில் அது அந்த நாட்டின் ஹெல்ப்நெட் நிலையத்துக்குப் போகும் அழைப்பு. செங்கலடிச் சந்தியில் அடிபட்டால் அது உங்களைக் காப்பாற்றாது. வீட்டில் உள்ள அனைவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். அந்தப் பொத்தானை அமர்த்திவிட்டு உதவிக்குக் காத்திருப்பது உயிராபத்து.

3. இலங்கை முகவர் புதிதாக இறக்கும் காரென்றால், செயலியைக் கையில் வாங்கி உங்கள் கண்முன்னே இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். கதவு பூட்டுவது, ஏசி போடுவது, காரின் இடம் காட்டுவது ஆகிய மூன்றையும் பாருங்கள்.

4. "அண்ணன், இது இலவசமாக எத்தனை வருடம்? அதுக்குப் பிறகு ரூபாயிலா டொலரிலா கட்ட வேணும்?" என்று கேளுங்கள். "அதெல்லாம் பிரச்சினை இல்லை தம்பி, செயலியைப் போட்டாச் சரி" என்று பதில் வந்தால், பதில் வரவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டிலோ உத்தரவாதப் புத்தகத்திலோ எழுதித் தரச் சொல்லுங்கள்.

5. கடைசியாக இந்தக் கேள்வி: சந்தா நின்றால் எது எது வேலை செய்யாது? 2021இன் இறுதியில் அமெரிக்காவில் டொயோட்டா வைத்திருந்தவர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். கையிலுள்ள சாவியின் பொத்தானால் தூரத்தில் நின்று எஞ்சினை இயக்கும் வசதிகூட, சந்தா முடிந்தால் நின்றுவிடும். கார் கண்முன்னே நிற்கிறது, சாவி கையில் இருக்கிறது, இருந்தும் வேலை செய்யாது.

குறிப்பு: சேவை காரைவிட முதலில் சாகலாம். நிசான் லீஃப் இலங்கைக்கும் கணிசமாக வந்த கார். பிரித்தானியாவில் 2016க்கு முன் செய்த லீஃப் கார்களின் செயலியை 2024 ஏப்ரலில் நிறுத்தினார்கள். அங்கே 2ஜி வலையமைப்பு மூடப்படுவதுதான் காரணம் என்றார்கள். நம் ஊரில் ஒரு காரை 15, 20 வருடம் ஓட்டுகிறோம். அத்தனை காலம் எந்தச் செயலியும் நிற்கும் என்று நம்பி அதிக விலை கொடுக்க வேண்டாம்.

கணக்குப் போடும் முறை

ஒருமுறை கட்டும் விலையை மாத விலையால் வகுங்கள். மேலே சொன்ன வொக்ஸ்வேகனையே எடுப்போம். வாழ்நாள் விலை 649 பவுண், மாத விலை 16.50. வகுத்தால் 39 மாதத்துக்குச் சற்று மேல். அதற்கு மேல் காரை வைத்திருப்பவர் மாதக் காசு கட்டினால் நட்டம்.

டொலரில் கட்டுவதென்றால் இன்னொன்றையும் சேருங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. 10 டொலர் சந்தா 2,000 ரூபாயிலிருந்து 3,600 ரூபாயானது. சம்பளம் அப்படி ஏறவில்லை. லீசிங் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில், நம் கையில் இல்லாத நாணய மாற்று விகிதத்தோடு இன்னொரு மாதச் செலவைக் கட்டிவைப்பது புத்தியல்ல.

இலவசக் காலத்தில் வங்கி அட்டை இலக்கத்தைக் கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆகவேண்டுமென்றால், முடியும் திகதிக்கு ஒரு கிழமை முன் கைத்தொலைபேசியில் நினைவூட்டல் வையுங்கள். தானாகப் புதுப்பிக்கும் சந்தாவில் காசு போனபிறகு திருப்பி எடுப்பது பெரும் பாடு.

சந்தா இல்லாமல் அதே வசதி

சந்தாவில் விற்கப்படும் பெரும்பாலானவற்றை ஒருமுறை செலவில், அல்லது செலவே இல்லாமல் செய்துகொள்ளலாம்.

வழிகாட்டி வரைபடம். யப்பான் காரின் செற்றில் இருப்பது யப்பான் வரைபடம். அதை மாற்ற மினக்கெட வேண்டாம். கைத்தொலைபேசியில் கூகுள் வரைபடத்தைத் திறந்து, வாகரையிலிருந்து கல்முனை வரை, மேற்கே மகா ஓயா வரை உள்ள பகுதியை வைஃபையில் இறக்கி வையுங்கள். இணைப்பு இல்லாத இடத்திலும் வழி காட்டும், போக்குவரத்து நெரிசலை மட்டும் காட்டாது. படுவான்கரையில் வரைபடம் போடும் கோட்டை அப்படியே நம்ப வேண்டாம். குருமண்வெளியிலும் அம்பிளாந்துறையிலும் வாவியைக் கடப்பது பாதை என்று சொல்லும் மிதவையில் ஏறித்தான். பாதை ஓடுகிறதா, உங்கள் வாகனத்தை ஏற்றுமா என்று இக்கரையிலேயே கேட்டுவிட்டுப் போங்கள். இல்லையென்றால் மண்முனைப் பாலத்தால் சுற்றுங்கள். மாரியில் வயல்வெளிக் குறுக்குவழி எதற்கும் திரும்பாதீர்கள்.

வானொலி. யப்பான் காரின் எஃப்எம் அலைவரிசை 76இல் தொடங்கி 90 அல்லது 95 மெகாஹேர்ட்ஸ் வரைதான் போகும். நம்முடையது 108 வரை. பாண்ட் எக்ஸ்பாண்டர் என்ற சின்னக் கருவியை ஏரியல் வயரில் பூட்டினால் போதும். ஒருமுறை செலவு.

அவசர உதவி. 1990 சுவசெரிய அம்புலன்ஸ், 119 பொலிஸ். இரண்டையும் குடும்பத்தில் எல்லோருடைய கைத்தொலைபேசியிலும் முதல் இலக்கங்களாகப் பதியுங்கள். சுவசெரிய இலவசம். பேசும்போது ஊர்ப்பெயரோடு கோயில், பாடசாலை, பாலம் என்று அடையாளம் ஒன்றும் சொல்லுங்கள். ஆயிரம் டொலர் சேவையைவிட இந்த ஊரில் இதுவே விரைவாக வரும்.

டாஷ் கமரா. மெமரி காட்டில் பதியும் கமராவை வாங்குங்கள், மாதக் காசு கட்டி இணையத்தில் சேமிக்கும் வகை வேண்டாம். விபத்து நடந்தால் காட்டை உடனே கழற்றி வையுங்கள், ஓடவிட்டால் பழைய பதிவின் மேல் புதியது எழுதிவிடும்.

ஓட்டத்துக்கு உதவும் சந்தா. கோடு பார்த்து ஸ்டியரிங்கைத் திருத்தும் வசதிக்குக் காசு கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வெல்லாவெளிப் பக்கம் இரவில் வீதியில் மாடு படுத்திருக்கும், லைற் இல்லாத உழவு இயந்திரம் வரும், யானையும் நிற்கும். வீதியில் கோடு இல்லாத இடம் நிறைய. அங்கே வேகத்தைக் குறைத்துக் கண்ணைத் திறந்து வைத்திருப்பதற்கு ஈடாக எந்தச் சந்தாவும் இல்லை.

ட்ராக்கர்: கட்டத் தகுந்த ஒரே சந்தா

கேடிஎச் வானை ஹயருக்கு விட்டிருக்கிறீர்களா? கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் இரவோடு இரவாகச் சாரதி ஓட்டிப் போகிறாரா? அப்படியென்றால் வாகனம் எங்கே நிற்கிறது, எந்த வேகத்தில் போகிறது என்று அறிவதற்குக் கட்டும் காசு பயனுள்ளது. வேகத்தைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலே சாரதி நிதானமாக ஓட்டுவார், அதுவே பெரிய இலாபம். வீட்டு வளவுக்குள் நிற்கும் குடும்பக் காருக்கு இது தேவையில்லை.

1. இரண்டு மூன்று நிறுவனங்களிடம் விலை கேளுங்கள். கருவியின் விலை, பூட்டும் கூலி, மாதக் கட்டணம், சிம் யாருடைய பெயரில், குறைந்தது எத்தனை மாத ஒப்பந்தம் என்பவற்றைத் தனித்தனியாக எழுதி எடுங்கள். மாதம் 1,000 ரூபாய் என்றால் ஐந்து வருடத்தில் 60,000. அந்தத் தொகையைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

2. நிறுவனம் மூடினால் அந்தக் கருவியை வேறு நிறுவனத்தின் சேவைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். மாற்ற முடியாததை எடுக்காதீர்கள்.

3. சிம் போடும் கருவி என்பதால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பாருங்கள். இணையத்தில் மலிவாக வரவழைத்தது சிக்கலில் மாட்டலாம்.

4. பூட்டும் இடம் டாஷ்போட்டுக்குள் உயரத்தில் இருக்க வேண்டும். காலடித் தரையில் வைக்க விடாதீர்கள். மார்கழி வெள்ளத்தில் தண்ணீர் முதலில் ஏறுவது அங்கேதான், வாவிக்கரை உப்புக்காற்றும் இணைப்புகளைத் துருப்பிடிக்க வைக்கும்.

5. பற்றரியிலிருந்து வரும் வயரில், பற்றரிக்குக் கிட்டவே பியூஸ் போடச் சொல்லுங்கள். பியூஸ் இல்லாமல் பூட்டுவது தீவிபத்துக்குக் காரணமாகும். வயரைத் தோலுரித்து முறுக்கி ரேப் சுற்றுபவரிடம் வாகனத்தைக் கொடுக்காதீர்கள்.

6. ஹைபிரிட், மின்சாரக் கார்களில் செம்மஞ்சள் நிற வயரை யாரும் தொடக்கூடாது. அது உயிரைப் பறிக்கும் உயர் மின்னழுத்தம். மஞ்சள் நிற இணைப்புகள் எயார்பேக்குக்கு உரியவை. பூட்டும் தம்பி இவற்றுக்குப் பக்கத்தில் கை வைத்தால் நிறுத்துங்கள்.

7. "எஞ்சினைத் தூரத்தில் இருந்தே நிறுத்தலாம்" என்று ஒரு ரிலே பூட்டித் தர முன்வருவார்கள். வேண்டாம். ஓடும் வாகனத்தில் எஞ்சின் நின்றால் பவர் ஸ்டியரிங் போகும், பிரேக் இறுகும். கல்லடிப் பாலத்தில் பின்னால் பஸ் வரும்போது அது நடந்தால் என்ன ஆகும்? ரிலே பழுதானால் யாரும் அமர்த்தாமலே இது நடக்கலாம். கட்டாயம் தேவையென்றால், நின்ற எஞ்சினை மறுபடி இயக்க விடாத வகையை மட்டும் பூட்டுங்கள்.

8. பூட்டி முடிந்ததும் ஓட்டிப் பாருங்கள். வலையிறவுப் பாலத்தால் வவுணதீவு போய், ஆயித்தியமலை, உன்னிச்சை வரை ஒரு சுற்று. திரும்பி வந்து செயலியில் வழித்தடத்தைப் பாருங்கள். இணைப்பு அறுந்த இடத்தில் நல்ல கருவி புள்ளிகளைச் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும். இடையில் நேர்கோடு விழுந்திருந்தால் மாற்றித் தரக் கேளுங்கள்.

9. சாரதியிடம் சொல்லிவிட்டுப் பூட்டுங்கள். ஒளித்து வைத்தால் அவர் கண்டுபிடிக்கும் நாளில் நம்பிக்கை போய்விடும்.

பற்றரியில் ஒரு எச்சரிக்கை. வாகனம் நிறுத்தி எல்லாம் உறங்கிய பிறகு இழுக்கும் மின்னோட்டம் 50 மில்லி அம்பியருக்குக் குறைவாக இருக்க வேண்டும். 50 என்றாலே ஒரு நாளுக்கு 1.2 அம்பியர்-மணி. அக்வா போன்ற ஹைபிரிட்டின் சின்ன 12 வோல்ற் பற்றரியை 35 அம்பியர்-மணி என்று எடுத்தால், இரண்டு கிழமை ஓடாமல் நின்றாலே பாதிக்குக் கிட்டப் போய்விடும். ட்ராக்கர் பூட்டிய பிறகு இதை அளந்து காட்டச் சொல்லுங்கள். கதவைப் பூட்டி அரை மணித்தியாலம் காத்திருந்து அளந்தால்தான் சரியான இலக்கம் வரும். அந்தப் பற்றரி காரின் உள்ளே இருப்பதால் வாயு வெளியேறும் குழாய் உள்ள வகையையே மாற்றிப் போட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காப்புறுதி நிறுவனத்திடம் ட்ராக்கருக்குக் கட்டணக் கழிவு உண்டா என்று கேட்பதில் நட்டமில்லை.

பழைய உரிமையாளரின் கணக்கைத் துண்டியுங்கள்

இணைய வசதியுள்ள காரைக் கைமாறி வாங்குபவர்கள் அதிகம் தவறவிடுவது இதுதான். பழைய உரிமையாளரின் கைத்தொலைபேசியில் செயலி இன்னும் வேலை செய்தால், உங்கள் கார் எந்த வீட்டு வாசலில் நிற்கிறது என்று அவருக்குத் தெரியும். சில கார்களில் கதவையும் திறக்க முடியும். பெண் பிள்ளைகள் தனியாக ஓட்டிப் போகும் வீட்டில் இதை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

1. காசு கைமாற முன், விற்பவரை உங்கள் முன்னால் செயலியைத் திறந்து காரை நீக்கச் சொல்லுங்கள்.
2. காரின் திரையில் தொழிற்சாலை நிலைக்கு மீளமைக்கும் கட்டளையைக் கொடுங்கள். திரை யப்பானிய மொழியில் இருந்தால் கைத்தொலைபேசிக் கமராவால் மொழிபெயர்த்துப் படித்துக்கொண்டே செய்யுங்கள், ஊகித்து அமர்த்தாதீர்கள்.
3. புளூடூத் பட்டியலில் உள்ள பழைய பெயர்களையும், சேமித்த வீட்டு முகவரியையும் அழியுங்கள்.
4. ட்ராக்கர் பூட்டியிருந்தால் எந்த நிறுவனம் என்று கேட்டு, கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள் அல்லது கழற்றுங்கள். லீசிங் முடியாத வாகனமென்றால் நிறுவனமே பூட்டியிருக்கக் கூடும், கேளாமல் கழற்ற வேண்டாம்.
5. எல்லாச் சாவிகளையும் வாங்குங்கள்.

பூட்டு உடைத்துத் தருபவர்கள்

சந்தா வசதிகளைக் காசில்லாமல் திறந்து தருகிறோம் என்று மடிக்கணினியோடு வருபவர்கள் உண்டு. செற்றின் மொழியை மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எஞ்சின், பிரேக், ஸ்டியரிங் ஆகியவற்றின் மென்பொருளில் கை வைக்க விட்டால் உத்தரவாதம் போகும், பிழை வந்தால் திருத்த இந்த மாவட்டத்தில் ஆள் தேடுவதும் கடினம்.

இணைப்பு அறுந்த நாளுக்கும் ஆயத்தமாக இருங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பல பகுதிகளில் கைத்தொலைபேசி இணைப்பே இல்லாமல் போனது. கைத்தொலைபேசியைச் சாவியாகப் பாவிக்கும் கார் உங்களுடையதென்றால், உண்மையான சாவியை எப்போதும் உடன் கொண்டுபோங்கள். சாவிக்குள் மறைந்திருக்கும் உலோகச் சாவியால் கதவைத் திறந்து பழகுங்கள். உப்புக்காற்றில் பாவிக்காத பூட்டு இறுகிவிடும் என்பதால் இடையிடையே திறந்து பாருங்கள்.

விற்றவர் எழுத்தில் சொன்ன வசதி வேலை செய்யவில்லை என்றால் முதலில் அவருக்கே கடிதம் கொடுங்கள், பிரதி ஒன்றை வைத்திருங்கள். தீர்வு வராவிட்டால் நுகர்வோர் விவகார அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். பற்றுச்சீட்டும், வசதிகள் எழுதிய தாளும் கையில் இருந்தால்தான் முறைப்பாடு நிற்கும். ஆகவே சேலில் வாய்ப்பேச்சோடு திரும்பாதீர்கள், எழுதி வாங்குங்கள்.